கட்டி முடித்த கடனும் நடப்புக் கடனும்: நேர்முகத் தேர்வில் ஆங்கில வினைச்சொல்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு உறுப்பினர் தன் மகளை நினைத்து வருத்தப்பட்டார். பிளஸ் டூ முடித்த பெண். பக்கத்து டவுனில் ஒரு கடையில் மூணு வருஷமாக பில் போடுகிறாள். கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்று ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அனுபவம் உண்டா என்று கேட்டதற்கு, "ஐ வொர்க்ட் த்ரீ இயர்ஸ்" என்று சொல்லியிருக்கிறாள். "அந்த வேலையை ஏன் விட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. விடவே இல்லையே, ஏன் இப்படிக் கேட்கிறார் என்று புரியாமல் பயந்துபோய் பேசாமல் நின்றுவிட்டாள். எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, வேலை கிடைக்கவில்லை.

அவள் சொன்ன வார்த்தையில் கோளாறு எங்கே? "வொர்க்ட்" என்றால் வேலை செய்தேன், இப்போது இல்லை என்று அர்த்தம். தமிழில் நாம் "மூணு வருஷமா வேலை செய்றேன்" என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் அப்படியே "ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றாலும் தப்பு. அன்றைக்குத் தொடங்கி இன்றைக்கும் நடக்கிற வேலைக்கு அங்கே தனியாக ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள்.

இதை நம் கணக்குப் புத்தகத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு கடனை வாங்கி, கட்டி, முடித்தாயிற்று. அது பழைய கடன். அதற்கு "ஐ வொர்க்ட்", "ஐ ஸ்டடிட்", "ஐ ஜாயிண்ட்" என்று இறந்தகாலம். இன்னொரு கடன் போன வருஷம் வாங்கியது, இன்னும் தவணை போய்க்கொண்டிருக்கிறது. அது நடப்புக் கடன். அதற்குத்தான் "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்". அந்தப் பெண் "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் இன் எ ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

எத்தனை காலம் என்று சொல்லும்போது "ஃபார்", எப்போதிலிருந்து என்று சொல்லும்போது "சின்ஸ்". "ஃபார் த்ரீ இயர்ஸ்", "சின்ஸ் 2021". "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். அது சரியில்லை. அதேபோல முடிந்த வருஷத்தைச் சொல்லும்போது "ஹாவ்" வரக்கூடாது. "ஐ கம்ப்ளீட்டட் பிளஸ் டூ இன் 2018" என்றாலே போதும்.

இவ்வளவையும் பயத்தில் எப்படி ஞாபகம் வைப்பது என்று கேட்பீர்கள். ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் கேள்வியிலேயே பதிலின் வடிவம் இருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு முதல் இரண்டு மூன்று சொற்களைக் கேட்டால் போதும். "வாட் டிட் யூ டூ" என்று வந்தால் முடிந்துபோன காரியத்தைக் கேட்கிறார். "வாட் ஆர் யூ டூயிங்" என்றால் இப்போது செய்வதை. "ஹவ் லாங் ஹாவ் யூ பீன்" என்று வந்தால் நடப்புக் கடன், "ஐ ஹாவ் பீன்" என்று ஆரம்பிக்கலாம். "வை டூ யூ வான்ட் திஸ் ஜாப்" என்றால் "ஐ வான்ட்" என்று சொல்ல வேண்டும். "ஐ ஆம் வாண்டிங்" இல்லை.

"டிட்" விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இல்லை என்று சொல்லும்போது "ஐ டிட் நாட் வென்ட்" என்று வாயில் வந்துவிடும். "டிட்"டே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது. ஒரே தவணையை இரண்டு முறை வரவு வைக்கலாமா? "ஐ டிட் நாட் கோ" என்பதே சரி.

குடும்பத்தைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று சொல்லாமல் "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்" என்று சொல்லப் பழக்குங்கள். அப்பாவோ கணவரோ இறந்திருந்தால் "எக்ஸ்பயர்டு" என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறோம். மருந்துப் பெட்டியில் தேதி முடிந்ததற்குப் போடுகிற சொல் அது. "மை ஃபாதர் பாஸ்ட் அவே இன் 2015" என்பது மரியாதையாக இருக்கும். வீட்டில் ஒருவர் தினமும் செய்கிற தொழிலைச் சொல்லும்போது கடைசியில் ஒரு "ஸ்" ஒலி சேரும்: "மை ஹஸ்பண்ட் டிரைவ்ஸ் எ வேன்".

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊக்குநராகவும் கணக்கெழுதுபவராகவும் இருக்கும் நம்மில் பலர் இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறோம். அனுபவம் என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க, வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறோம்! "ஐ ஹாவ் பீன் ரைட்டிங் தி அக்கவுண்ட்ஸ் ஆஃப் அவர் குரூப் சின்ஸ் 2016" என்று தைரியமாகச் சொல்லலாம். போன வருஷம் அந்தப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் "ஐ ரோட் தி அக்கவுண்ட்ஸ் ஃபார் எய்ட் இயர்ஸ்".

நடுவில் திணறினால் "கேன் ஐ ஸ்பீக் இன் தமிழ், சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வாய்மூடி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம், ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து கேட்க, மற்றவர் பதில் சொல்லிப் பார்ப்போம். அந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.