கெட்டுப்போன சோதனையின் மதிப்பு

தொற்றுநோய்களையும் உடலின் எதிர்ப்பாற்றலையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற வரும் மாணவருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்? செல் வளர்ப்பு, மரபணு வரிசையிடல், புள்ளியியல் எல்லாமே தேவைதான். ஆனால் கருவிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். எதிர்பார்த்தது நடக்காதபோது ஏன் என்று துருவும் பழக்கமும், அதற்கான அவகாசமுமே இந்தப் பயிற்சியின் உயிர் என்பேன்.

1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், கோழியின் குடல் முடிவில் உள்ள பர்சா என்ற சிறு பை எதற்காக என்று அறிய, இளங்கோழிகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்தார். குறிப்பாக எதுவும் பிடிபடவில்லை. பிறகு சக மாணவர் திமோத்தி சாங், ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் செய்துகாட்ட அந்தக் கோழிகளை வாங்கிச் சால்மோனெல்லா கிருமியைச் செலுத்தினார். ஆன்டிபாடி உருவாகவில்லை. செய்முறை சொதப்பிவிட்டது என்று விட்டிருக்கலாம், அவர்கள் விடவில்லை. 'சயின்ஸ்' இதழ் ஏற்காத அவர்களது கட்டுரை 1956-இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. ஆன்டிபாடி உருவாக்கும் பி செல்களைப் பற்றிய நம் அறிவு அங்கிருந்து கிளைத்ததுதான். லண்டனில் ஜாக் மில்லர், எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் வைரஸைப் பிஎச்.டி.க்காக ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாக, பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை நீக்கியபோது அவை மெலிந்து, தொற்றுகளுக்கு இரையாயின. தைமஸால் பயனில்லை என்று பலரும் நம்பிய காலம் அது. அறுவையில் ஏதோ கோளாறு என்று மில்லர் ஒதுக்கவில்லை. வேற்று எலியின் தோலை ஒட்டிப் பார்த்தார். உடல் அதை எதிர்க்கவே இல்லை. 1961-இல் 'லான்செட்' வெளியிட்ட அந்த முடிவிலிருந்து, தைமஸில் முதிரும் டி செல்களைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது.

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள். சாங் அந்தக் கோழிகளை வாங்கியது அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். பை உள்ள கோழிகளோடு ஒப்பிட்டு மறுபடி சோதித்ததும், தோலை ஒட்டிப் பார்க்கத் தோன்றியதும் அப்படியல்ல. இன்னொரு மறுப்பு வலுவானது: பொதுப்பணத்தில் படிப்பவர் ஆண்டுக்கணக்கில் தேங்கிப்போகலாமா? கூடாது, கெடு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளும் உச்சவரம்பாக ஆறு ஆண்டுகளை வைத்துள்ளன. ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்ற 2016-இன் கட்டாயத்தை அதே விதிகள் நீக்கியது நல்ல முடிவு. கட்டுரைக் கணக்கு மாணவரைச் சுலபமான கேள்விகளுக்கே தள்ளும். அதற்குப் பதிலாக, தோற்ற சோதனைகளுக்கு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஒதுக்கி, வாய்மொழித் தேர்வில் அதைப்பற்றிக் கேட்கலாம். நெறியாளரும் அப்போது அந்தச் சோதனைகளை மறைக்கச் சொல்லமாட்டார்.

கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வளவு நிதானம் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வராது என்று பலர் நம்பிய நேரத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அதைத் தேடுவதையே எம்.டி. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். 1986-இல் அவர் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்றின் அடையாளம் தெரிந்தது. அவ்வளவு பெரிய செய்தியை உடனே அறிவிக்கவில்லை. அந்த மாதிரிகளைத் தந்த பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், அமெரிக்காவிலும் உறுதிசெய்தார்கள். நாட்டின் எச்.ஐ.வி. கண்காணிப்பு விரிவடைந்தது அதன் பிறகுதான்.