போகாத ஊருக்குக் கட்டிய பணம்

கோவிட் காலத்தில் ரத்தான விடுமுறைப் பயணங்களின் பணம் சிலருக்குக் கேட்காமலே வந்தது. சிலருக்கு நான்கு ஆண்டுகள் கழித்தும் வரவில்லை. பணம் எத்தனை கை மாறியிருந்தது என்பதைப் பொறுத்தே இந்த வித்தியாசம்.

எல்லாம் ஒரு உல்லாசப் பயணத்தில்தான் தொடங்கியது. துபாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு 40 பேர் கொண்ட குழு ஒன்று 2020 மார்ச் 1-ஆம் தேதி மும்பையில் வந்து இறங்கியது. அதில் இருந்த புனே தம்பதி ஒரு வாடகைக் காரைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி இருவருக்கும் கோவிட் உறுதியாகி, புனேயின் நாயுடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தின் முதல் இரண்டு நோயாளிகள் அவர்கள்தான். மறுநாள் அவர்களுடைய மகள், உடன் பயணம் செய்த ஒருவர், கார் டிரைவர் ஆகியோரும் பட்டியலில் சேர்ந்தார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களில் நாட்டில் யாரும் எங்கும் போக முடியாத நிலை. மார்ச் 22 முதல் பயணிகள் ரயில்கள் நின்றன. 23 முதல் வெளிநாட்டு விமானங்கள். 25 முதல் உள்நாட்டு விமானங்கள். மகாராஷ்டிரப் பள்ளிகளின் கோடை விடுமுறை அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட்டுகள் எப்போதோ வாங்கியாகிவிட்டன. ரயில் டிக்கெட்டை 120 நாட்களுக்கு முன்பே வாங்கிவிடலாம் என்றிருந்த காலம் அது.

புனேயின் கட்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா, பாட்டிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு ரயில் டிக்கெட். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு குறைவு என்பதால் சென்னைக்கு விமான டிக்கெட், அதுவும் ஆன்லைன் ஏஜென்சி மூலமாக. மே மாதம் எல்லோருமாகச் சிங்கப்பூர் போக ஒரு டூர் கம்பெனியில் முன்பணம். மூன்றுமே ஒரே வாரத்தில் ரத்தாகின்றன. பணம் மட்டும் மூன்று வெவ்வேறு வழிகளில் போகிறது.

கேட்காமல் வந்த பணம்

முதலில் வந்தது ரயில் பணம். வண்டியை ரயில்வேயே ரத்து செய்தால் பிடித்தம் இல்லாமல் முழுக் கட்டணத்தையும் தர வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த விதி. இன்டர்நெட்டில் வாங்கிய டிக்கெட்டுக்குப் பயணி விண்ணப்பம்கூடப் போட வேண்டியதில்லை. பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ, அதே கணக்குக்குத் தானாகத் திரும்பியது.

கவுண்டரில் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். ஊரடங்கில் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? வழக்கமாக மூன்று நாட்களுக்குள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவை ரயில்வே மூன்று மாதமாக்கியது, பிறகு ஆறு மாதமாக்கியது, கடைசியில் 2021 ஜனவரியில் ஒன்பது மாதம் வரை நீட்டித்தது.

ரயில்வேயிலும் தடுமாற்றம் இல்லாமல் இல்லை. முதல் ஊரடங்கு ஏப்ரல் 14-இல் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் 15-ஆம் தேதிக்குப் பிந்தைய பயணங்களுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தார்கள். ஊரடங்கு மே 3 வரை நீண்டபோது சுமார் 39 லட்சம் டிக்கெட்டுகளை ரத்து செய்ய வேண்டிவந்தது. ஆனாலும் விற்றதும் ரயில்வே, ஓட்டுவதும் ரயில்வே, பணத்தை வைத்திருந்ததும் ரயில்வே. யார் தர வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை.

‘பணம் எங்களிடமே இருக்கட்டும்’

விமான நிறுவனங்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தன. அதன் பெயர் ‘கிரெடிட் ஷெல்’. பணத்தைத் தர மாட்டோம். உங்கள் பெயரில் எங்களிடமே வரவு வைத்துக்கொள்கிறோம், பின்னொரு நாள் பறந்து கழித்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு. சம்பள வெட்டிலும் ஆஸ்பத்திரிச் செலவிலும் இருந்த குடும்பங்களுக்குப் பின்னொரு நாள் பறப்பதால் என்ன பயன்?

இதில் வேடிக்கை, சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருந்ததுதான். பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், விமான நிறுவனம் தானாக அப்படிச் செய்துவிடக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் 2008-லேயே விதி வகுத்திருந்தது. கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட் என்றால் ஏழு நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. நெருக்கடி வந்தபோது அந்த விதி காகிதத்தோடு நின்றது.

2020 ஏப்ரல் 16-ஆம் தேதி விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரையிலான முதல் ஊரடங்கின்போது டிக்கெட் வாங்கி, ஊரடங்குக் காலத்திலேயே பயணம் செய்ய இருந்தவர்களுக்கு மூன்று வாரத்தில் முழுப் பணம் என்றது. ஜனவரியிலேயே திட்டமிட்டு வாங்கிய குடும்பங்கள்? அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊரடங்கில் துணிந்து டிக்கெட் வாங்கியவருக்குப் பணம், முன்யோசனையோடு வாங்கியவருக்குக் கிரெடிட் ஷெல்!

‘பிரவாசி லீகல் செல்’ என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர்.ஷா ஆகியோர் அடங்கிய பெஞ்ச் 2020 அக்டோபர் 1-இல் தீர்ப்பளித்தது. ஊரடங்கின்போது வாங்கிய டிக்கெட்டுகளுக்கு உடனே பணம். அதற்கு முன்பு வாங்கியவற்றுக்கு 15 நாட்களில் பணம். முடியாத அளவு நிதி நெருக்கடி என்றால் மட்டும் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல். அதன் மதிப்பு 2020 ஜூன் 30 வரை மாதம் அரை சதவீதமும், பிறகு மாதம் முக்கால் சதவீதமும் கூட வேண்டும். அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாம். கெடு முடிந்தும் மிச்சம் இருந்தால் பணமாகவே தந்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டால், மார்ச் இறுதியில் ரத்தான 20,000 ரூபாய் டிக்கெட்டுக்கு ஓராண்டு காத்திருந்ததன் கூலி 1,650 ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் அடுத்தவர் பணத்தை வைத்திருந்தால் அதற்கு விலை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மற்ற நாடுகளிலும் இதே இழுபறிதான். ஐரோப்பாவில் சில அரசுகள் பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுக்க அனுமதித்தன. வவுச்சரை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம் என்று ஐரோப்பிய ஆணையம் 2020 மே மாதம் நினைவூட்டியது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2022 நவம்பரில் ஆறு விமான நிறுவனங்களைப் பிடித்தது. அதில் ஏர் இந்தியாவும் ஒன்று. பயணிகளுக்குத் தர வேண்டிய 12 கோடியே 15 லட்சம் டாலரோடு, தாமதத்துக்காக 14 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. இவற்றில் பெரும்பகுதி, ஏர் இந்தியா அரசிடம் இருந்த காலத்துப் பாக்கி.

நடுவில் ஒரு ஏஜென்ட்

தீர்ப்பு வந்த பிறகும் ஆன்லைன் ஏஜென்சி மூலம் வாங்கியவர்களின் கவலை தீரவில்லை. பணத்தை ஏஜென்ட் கணக்குக்கு அனுப்ப வேண்டும், ஏஜென்ட் பயணிக்குத் தர வேண்டும் என்றது தீர்ப்பு. ஏஜென்ட்டைக் கேட்டால், ஏர்லைன்ஸிடமிருந்து பணம் வரவில்லை என்று பதில். ஏர்லைன்ஸைக் கேட்டால், அனுப்பிவிட்டோம், ஏஜென்ட்டைப் பாருங்கள் என்று பதில்.

இந்தப் பந்தாட்டத்தின் அளவு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நடவடிக்கையில் வெளியே வந்தது. யாத்ரா நிறுவனம் 2021-இல் 36,276 டிக்கெட்டுகளுக்காகத் திருப்பித் தர வேண்டியிருந்த தொகை ரூ.26 கோடிக்கு மேல். ஆணையத்தின் நெருக்குதலுக்குப் பிறகு அது குறைந்துகொண்டே வந்தது. அப்படியும் 2024 ஜூன் மாதம், அதாவது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும், 4,837 டிக்கெட்டுகளுக்கு ரூ.2.52 கோடி பாக்கி. இதில் ஏர்லைன்ஸிடமிருந்து வர வேண்டியதாக இருந்தது ரூ.31.79 லட்சம் மட்டுமே.

ஆணையம் போட்ட உத்தரவு எளிமையானது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஐந்து இருக்கைகளை இதற்கென்றே ஒதுக்கி, ஊழியர்களின் சம்பளத்தையும் நிறுவனமே கொடுத்து, மீதமுள்ள பயணிகளைத் தேடிப் போன் செய்து பணத்தைத் தர வேண்டும். மற்ற பெரிய ஏஜென்சிகள் முழுத் தொகையையும் தந்துவிட்டதாக ஆணையம் பதிவு செய்தது.

சிங்கப்பூர் முன்பணம்

குடும்பத்தின் மூன்றாவது பணம்தான் மிகவும் சிக்கலில் மாட்டியது. 2020 மார்ச் 23 நள்ளிரவோடு சிங்கப்பூர் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவை மூடிவிட்டது. ஆனால் டூர் கம்பெனியிடம் கட்டிய பணம் அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பகுதி ஏர்லைன்ஸுக்கு, ஒரு பகுதி வெளிநாட்டு ஓட்டலுக்கு, ஒரு பகுதி அங்குள்ள பஸ் ஏற்பாட்டாளருக்குப் போயிருக்கும். விசா கட்டணம் எப்படியும் திரும்பாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விமான டிக்கெட்டைப் பற்றி மட்டுமே பேசியது. மொத்த டூருக்கு என்று தனி விதி இல்லை. துணைக்கு இருந்தது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 56-ஆம் பிரிவின்படி, செய்து முடிக்க முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது. 65-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டும்.

டூர் நடத்துபவர்களின் நிலையும் பரிதாபம்தான். 2019-இல் ஒரு கோடியே 9 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். 2020-இல் 27 லட்சம் பேர். தொழிலே படுத்துவிட்டது. சுற்றுலா ஏஜென்சிகளுக்கு ரூ.10 லட்சம் வரை உத்தரவாதக் கடன் என்று மத்திய அரசு அறிவித்ததோ 2021 ஜூன் மாதம்தான். அதற்குள் வாடிக்கையாளரின் முன்பணம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போயிருந்தால் வியப்பில்லை.

யார் ரத்து செய்தது?

2021 ஜனவரி 12-ஆம் தேதி புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து லாரிகள் கிளம்பி லோகேகான் விமான நிலையத்துக்குப் போயின. அங்கிருந்து விமானங்கள் தடுப்பூசிப் பெட்டிகளோடு நாட்டின் பல நகரங்களுக்குப் பறந்தன. இந்தக் கோடைக்காவது ஊருக்குப் போகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஏப்ரல் 14 அன்று மகாராஷ்டிரத்தில் மறுபடியும் கட்டுப்பாடுகள். இரண்டாம் அலை அந்த விடுமுறையையும் அடித்துக்கொண்டு போனது.

இந்த முறை பயணிகளுக்குப் புதிய பாடம் கிடைத்தது. விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நோய்க்குப் பயந்து டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கு 2020 தீர்ப்பு உதவவில்லை. நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணம். பயணி ரத்து செய்தால் பிடித்தம் போக மிச்சம். வெளிநாட்டுக் கனவும் தள்ளித் தள்ளிப் போனது. 2021 டிசம்பர் 15 முதல் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் என்று அறிவித்தார்கள். ஒமைக்ரான் வந்ததும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் அவை பறந்தது 2022 மார்ச் 27-இல்.

இரண்டே நாட்களில்

கோவிட் போனாலும் நிலையற்ற தன்மை போகவில்லை. 2023 மே மாதம் ‘கோ ஃபர்ஸ்ட்’ விமானங்கள் ஒரே நாளில் நின்றன. திவால் சட்டத்தின் கீழ் போன நிறுவனத்திடம் பணம் கேட்டுப் பயணிகள் மற்ற கடன்காரர்களோடு நிற்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் அது கலைக்கப்பட உத்தரவானது.

2025 டிசம்பரில் இண்டிகோவின் முறை. பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. புனேயும் தப்பவில்லை. ஆனால் இந்த முறை அமைச்சகம் டிசம்பர் 6-இல் உத்தரவு போட்டது: மறுநாள் இரவு 8 மணிக்குள் பாக்கிப் பணம் முழுவதும் போய்ச் சேர வேண்டும். 7-ஆம் தேதியே ரூ.610 கோடி திருப்பித் தரப்பட்டுவிட்டதாக அமைச்சகம் அறிவித்தது. 2020-இல் ஆறு மாதம், ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2025-இல் இரண்டு நாள், ஒரு உத்தரவு. அரசு மனம் வைத்தால் பணம் எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அகில இந்திய நுகர்வோர் இயக்கங்களில் ஒன்றான கிராகக் பஞ்சாயத்து 1974-இல் பிறந்த ஊர் புனே. விழிப்புக்குப் பஞ்சமில்லாத ஊர். இருந்தும் பலர் சிறு தொகை என்று கைகழுவிவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கோவிட் காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி வரை கொடுத்த கால நீட்டிப்பைக் கணக்கில் எடுத்தாலும், 2020 வழக்குகளுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது.

அடுத்த கோடைக்கு டிக்கெட் வாங்கும்போது தள்ளுபடி எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். ரத்தானால் பணத்தை யார் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முதல் கேள்வியில் மிச்சமாவது சில நூறு ரூபாய். இரண்டாவது கேள்வியில் மிச்சமாவது முழுப் பணமும்.