பிள்ளைகள் எழுதிய ஊர் வரலாறு

நேயர்களே, ஆங்கில நாவல், ஆங்கிலக் கவிதை என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று சற்று வேறான ஒரு வகை எழுத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் தொழில் நகரங்களிலும் வளர்ந்த சிலர் தங்கள் பிள்ளைப் பிராயத்தை எழுதப்போய், அந்த ஊர்களின் வரலாற்றையே எழுதிவிட்டார்கள். பாதி சுயசரிதை, பாதி ஊர்ச் சரித்திரம் என்று இவற்றைக் கூறலாம். இலக்கிய விமர்சகர்கள் இவற்றை வரலாறு என்று ஒதுக்குவதும், வரலாற்றாசிரியர்கள் வெறும் ஞாபகங்கள் என்று ஒதுக்குவதும் உண்டு. இரு சாராருமே இழப்பது அதிகம் என்பது எனது அபிப்பிராயம்.

ஊர் வரலாற்றுக்கு இங்கிலாந்தில் ஆவணப் பஞ்சம் கிடையாது. 1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னன் நிலத்தையும் கால்நடைகளையும் எண்ணி எழுதச் செய்த ‘டூம்ஸ்டே’ ஏடு இருக்கிறது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் கோவிற்பற்றுத் தோறும் பதிய வேண்டுமென்று 1538இல் கட்டளை பிறந்தது. 1801இலிருந்து குடிசன மதிப்பீடு நடைபெறுகிறது. இருந்தும் என்ன? ஓர் ஏழைக் கூலியாள் இந்த ஏடுகளில் எத்தனை தடவை தலைகாட்டுவான்? பிறந்தபோது ஒரு வரி, மணம் முடித்தபோது ஒரு வரி, புதைக்கப்பட்டபோது ஒரு வரி. களவு செய்தாலோ, கோவிற்பற்றிடம் பிச்சைச் சம்பளம் கேட்டாலோ இன்னும் இரண்டொரு வரி. அவன் வீட்டில் இரவுச் சாப்பாடு என்ன, எதற்குச் சிரித்தான், எதற்குப் பயந்தான் என்பதை எந்த எழுதுவினைஞரும் எழுதி வைக்கவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து பார்த்த பிள்ளைகள்தாம் அதைப் பிற்காலத்தில் எழுதினார்கள்.

இவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் புளோரா தொம்சன். 1876இல் ஒக்ஸ்போர்ட்ஷயரின் வட எல்லையிலுள்ள ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தில், கல் மேசன் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே பிரிங்போர்ட் என்ற ஊரின் தபாற் கந்தோரில் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய ‘லார்க் ரைஸ்’ 1939இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. வெளியிட்டது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம்! தொடர்ந்து 1941இலும் 1943இலும் மேலும் இரு பாகங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து 1945இல் ‘லார்க் ரைஸ் ரு கண்டில்போர்ட்’ என்ற ஒரே நூலாயின. இரண்டாண்டுகளில், 1947இல், அவர் காலமானார்.

லார்க் ரைஸ் என்பது ஜூனிபர் ஹில்லின் புனைபெயர். லோரா என்ற சிறுமி புளோராவேதான். முப்பது வீடுகள், ஒரு மதுக்கடை, சுற்றிலும் கோதுமை வயல். கமத் தொழிலாளியின் வாராந்தச் சம்பளம் பத்து ஷில்லிங். அந்தப் பத்து ஷில்லிங்கில் ஏழெட்டுப் பேர் எப்படிச் சீவித்தார்கள் என்பதை அவர் கணக்கப்பிள்ளையைப் போல் எழுதுகிறார். ஒவ்வொரு வீட்டுக் கோடியிலும் ஒரு பன்றி வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதற்குத் தீனியாக வழிநெடுகப் புல்லும் நத்தையும் பொறுக்கி வருவார்கள். மாவுக்குக் கடன்பட்டவர்கள் பன்றியை அடிக்கும்போது பாதியைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டும். ‘வெள்ளிக்கிழமை அரைப் பன்றி அடிக்கப் போகிறோம்’ என்ற பாணியில் பெண்கள் பேசிக்கொள்வதை அவர் எந்த வியாக்கியானமும் இன்றி எழுதிச் செல்கிறார். பொருளாதார வரலாற்று நூல்கள் பலவற்றைப் புரட்டியபோதும் கடன் என்பதை இவ்வளவு தெளிவாக நான் விளங்கிக்கொண்டதில்லை.

இந்நூலில் சலி என்றொரு கிழவி வருகிறாள். எண்பது வயதைத் தாண்டியவள். அவளுக்குச் சொந்த வீடு, தோட்டம், தேன்கூடு, கொஞ்சம் சேமிப்பு எல்லாம் உண்டு. மற்றவர்களுக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எப்படி வந்தது? சிறுமி கேட்கிறாள். தான் குமரியாக இருந்த காலத்தில் அங்கே பொதுக்காணி இருந்ததென்றும், ஏழைகளும் பசு, வாத்து, கோழி வளர்த்து விறகும் பொறுக்கலாம் என்றும் கிழவி சொல்கிறாள். பின்னர் அந்தப் பொதுக்காணி வேலியடைக்கப்பட்டுப் பெரிய கமக்காரரின் வயலாயிற்று. சொந்தமாகச் சீவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பத்து ஷில்லிங் கூலிகளானார்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இவ்விதம் காணிகளை வேலியடைக்க 5,200க்கும் அதிகமான சட்டங்களை இயற்றியது. அடைபட்டது ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். அந்நாட்டு நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கு. இந்தப் பெரிய தொகைக்குள் ஒளிந்திருப்பது என்னவென்று சலிக் கிழவியின் தோட்டத்து வாசலில் நின்றுதான் விளங்குகிறது.

இன்னொரு சிறு விடயம். 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முதியோர் உபகாரச் சம்பளம் 1909 ஜனவரியில் தொடங்கியது. முதல் தடவை காசை வாங்கிய கிழவர்களும் கிழவிகளும் கண்ணீர் விட்டார்களாம். இத்தனை தாராளமாகத் தருபவர் பிரபுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜை ‘ஜோர்ஜ் பிரபு’ ஆக்கி வாழ்த்தினார்களாம். காசை எண்ணிக் கொடுத்த தபாற் கந்தோர்ப் பெண்ணுக்கும் தோட்டத்துப் பூவும் அப்பிள் பழமும் வந்து சேர்ந்தன. வறியோர் விடுதிக்குப் போக நேருமோ என்ற பயம் எவ்வளவு பெரிது என்பதற்கு அந்த அப்பிள் பழங்களே சாட்சி.

‘லார்க் ரைஸ்’ இனிய கனவு என்று சிலர் குறைகூறுவர். தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அப்படித்தான் தோன்றியது. நூலில் அப்படியில்லை. அதன் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். உலக யுத்தத்தில் மாண்ட பதினொரு பேரின் பெயர்களைத் தாங்கிய பித்தளைத் தகடொன்று ஊர்க் கோவிலில் இருக்கிறது. அதில் கடைசிப் பெயர் எட்மண்ட். லோராவுடன் கைகோத்துப் பள்ளிக்கூடம் நடந்த தம்பி அவன். புளோராவின் தம்பி எட்வின் 1916இல் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டவர்.

லோரி லீ வேறு மாதிரியான எழுத்தாளர். அடிப்படையில் கவிஞர். 1914இல் ஸ்ட்ரவுட் நகரில் பிறந்து, மூன்று வயதில் குளொஸ்ரர்ஷயரின் ஸ்லாட் பள்ளத்தாக்குக்குத் தாயுடன் வந்தவர். தகப்பன் குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். ‘சைடர் வித் ரோஸி’ என்ற அவருடைய நூல் 1959இல் வெளிவந்தது. இதை வெளியிட்ட ஹோகாத் பதிப்பகம் வேர்ஜினியா வுல்ஃபும் கணவர் லெனாட் வுல்ஃபும் ஆரம்பித்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, பின்னர் அம்பாந்தோட்டையின் காட்டுக் கிராமமொன்றை 1913இல் நாவலாக்கிய அதே லெனாட் வுல்ஃப்தான்.

லீயின் மொழி ஃபுளோராவைப் போலச் சிக்கனமானதன்று. உவமைகள் பொங்கி வழியும். சில இடங்களில் எனக்குத் திகட்டியதும் உண்டு. ஆனால் இரண்டு சம்பவங்களை மறக்க முடியவில்லை. வெளிநாட்டில் பணம் தேடித் திரும்பிய ஒருவன், ஊர் மதுக்கடையில் பெருமையடித்து மற்றவர்களை ஏளனம் செய்கிறான். அன்றிரவு பனியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறான். செய்தவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். பொலிசாரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றது ஜோசப், ஹன்னா பிரவுண் என்ற முதிய தம்பதியரின் கதை. ஐம்பது ஆண்டுகள் ஒன்றாகச் சீவித்தவர்கள். தள்ளாமை வந்ததும் அதிகாரிகள் இருவரையும் வறியோர் விடுதிக்குக் கொண்டுபோய், ஆண்கள் பகுதியில் ஒருவர், பெண்கள் பகுதியில் ஒருவர் என்று பிரித்து வைக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் இருவரும் இறந்துபோகிறார்கள்.

இங்கேதான் வரலாற்று மாணவன் குறுக்கிட வேண்டும். 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் கீழ் அமைந்த விடுதிகளில் கணவன் மனைவியைப் பிரிப்பது விதியாக இருந்தது உண்மை. எனினும் 60 வயதுக்கு மேற்பட்ட தம்பதியர் சேர்ந்திருக்கக் கேட்கலாம் என்று 1847இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அப்படியானால் லீ எழுதியது பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை, கேட்கத் தெரியாத கிழவனுக்கும் தனி அறை இல்லாத விடுதிக்கும் எட்டாமல் போவது எங்கும் நடப்பது. ஆவணம் சட்டத்தைச் சொல்கிறது. பிள்ளையின் ஞாபகம் அச்சத்தைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிரவுண் தம்பதியருக்கு நேர்ந்தது புரிகிறது.

ஞாபகம் சறுக்குவதும் உண்டு. காலம் சில உண்மைகளைத் திரித்திருக்கலாம் என்று லீயே நூலின் முகப்பில் எச்சரிக்கை செய்தார். அது போதவில்லை. ஒரு பியானோ தொழிற்சாலை எரிந்தது பற்றி முதற் பதிப்பில் அவர் எழுதியதற்கு எதிராக அந்நிறுவனம் மானநட்ட வழக்குத் தொடுத்தது. பிந்திய பதிப்புகளில் அது கொதிகலன் தொழிற்சாலையாக மாறியிருக்கிறது!

கிராமத்தை மட்டும் சொன்னால் படம் முழுமையாகாது. மன்செஸ்ரரை அடுத்த சோல்போர்ட் நகரில் மூலைக்கடை ஒன்றில் 1905இல் பிறந்தவர் ரொபர்ட் ரொபர்ட்ஸ். கடையை நடத்தியவர் தாய். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று அவர் தீர்மானிப்பதைக் கடை மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தே சிறுவன் வகுப்புப் பிரிவினையைப் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு திங்கட்கிழமை அடகு கடைக்குப் போகும். சம்பளம் கிடைத்ததும் மீண்டும் வரும். 1971இல் வந்த ‘த கிளாசிக் ஸ்லம்’ என்ற அவருடைய நூல், ஏழைகள் எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள் என்ற கதையை உடைக்கிறது. ஒரே தெருவுக்குள்ளேயே எத்தனை படிகள், எத்தனை அவமதிப்புகள்!

எழுதத் தெரியாதவர்களின் பிள்ளைப் பிராயம் என்னாவது? இதற்கு விடை தேடியவர் ஜோர்ஜ் யூவட் எவன்ஸ். இவர் வேல்ஸ்காரர். மனைவி சஃபொக் மாவட்டத்தின் பிளக்ஸ்ஹோல் கிராமப் பள்ளிக்கூட ஆசிரியை ஆனதால் 1948இல் அங்கு குடியேறினார். அயலிலிருந்த வயோதிப இடையர்களோடும் உழவர்களோடும் பேசப்பேச, பதினாறாம் நூற்றாண்டு நூல்களில் மட்டும் கண்ட சொற்கள் அவர்கள் வாயில் வருவதைக் கவனித்தார். குதிரைக் கலப்பையோடு வளர்ந்த கடைசித் தலைமுறை அது. உழவு இயந்திரம் ஏற்கெனவே வந்துவிட்டது. பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிப் பதிவு செய்தார். இவர் காது மந்தமானவர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1956இல் வந்த அவருடைய முதல் ஊர்ப் புத்தகம் வாய்மொழி வரலாற்றுத் துறைக்கு வழிகாட்டியாயிற்று. அதே காலத்தில், 1948இல், லெஸ்ரரில் ஊர் வரலாற்றுக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. அதைத் தொடக்கிய ஹொஸ்கின்ஸ் ஒரு பாண் வெதுப்பகக்காரரின் மகன்.

எவன்ஸின் வழியில் வந்த மிகப் பிரபலமான நூல் ரொனால்ட் பிளைத்தின் ‘ஏக்கன்ஃபீல்ட்’. 1969இல் வெளியானது. அந்தப் பெயரில் ஊரே இல்லை. சஃபொக்கின் சாஸ்ஃபீல்ட், டெபாச் முதலிய ஊர்களில் அவர் கேட்டவற்றைச் சேர்த்துச் செய்த ஊர் அது. இதற்காக வரலாற்றாசிரியர்கள் அவரைக் கண்டித்தார்கள். எனக்கு அந்தக் கண்டனத்தில் நியாயமும் தெரிகிறது. ஆனால் அதில் பேசும் ஒரு கமத் தொழிலாளி, 1914இல் பட்டாளத்தில் சேர்ந்ததும் நான்கு மாதத்தில் தமக்கு ஏறக்குறைய 14 இறாத்தல் எடை கூடியது என்கிறார். நல்ல சாப்பாடு என்று மற்றவர்கள் சொன்னார்களாம். வாழ்க்கையில் முதற்தடவையாக முறிந்து வேலை செய்யாததுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம். பட்டாளப் பயிற்சி அவருக்கு ஓய்வாக இருந்தது! பிளைத் 2023இல் தமது நூறாவது வயதில் காலமானார்.

ஒரே ஒரு நூலைப் படிக்க நேரமுள்ள நேயர்களுக்கு நான் ‘லார்க் ரைஸ்’ முதற் பாகத்தையே சொல்வேன். ஆங்கிலம் எளிமையானது, பூக்களின் பெயர்களுக்குத்தான் அகராதி தேவைப்படும். அதை முடித்தவர்கள் ‘ஏக்கன்ஃபீல்ட்’ நூலைக் கையில் எடுத்தால், ஃபுளோராவின் தம்பியுடைய வயதுக்காரர்கள் முதுமையில் பேசுவதை அதில் கேட்கலாம்.