வீடு நிற்கிறது, வாசல் மட்டும் ஏன் இறங்குகிறது?

மலாக்கா கடலோரப் பக்கம் கார் ஓட்டினால் கவனித்திருப்பீர்கள். சாலை பாலத்தைத் தொடும் இடத்தில் 'டக்'குனு ஒரு தூக்கல். சில தாமான்களில் வீடு அப்படியே நிற்கும். கார் நிறுத்தும் தரை மட்டும் இறங்கி, சுவரோரம் விரிசல் விட்டிருக்கும்.

பாலமும் வீடும் பெரும்பாலும் கெட்டி மண் வரை இறக்கிய பைல் தூண்கள்மேல் நிற்கின்றன. சாலையும் வாசலும் மேல்மண்ணை நம்பிக் கிடக்கின்றன. அந்த மண்தான் அமுங்குகிறது.

அமுங்கிய மண் திரும்ப எழாதா?

எழாது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். உறைந்த ரப்பர் பாலை ஷீட் மிஷினில் விட்டால் தண்ணி பிழிந்து வெளியேறும். உருளையைத் தாண்டி வந்த ஷீட் பழைய தடிப்புக்குத் திரும்பாது. கடலோர மென்களியும் அப்படித்தான். பாரம் ஏறினால் துளைகளில் உள்ள நீர் வெளியேறி, மண்ணின் கனஅளவே நிரந்தரமாகக் குறைகிறது.

இரும்புக் கம்பியும் நிரந்தரமாக வளையும். ஆனால் அதன் கனஅளவு கிட்டத்தட்ட மாறாது. அதனால் இரும்பின் சூத்திரம் களிக்குப் பொருந்தாது.

மண்ணுக்கும் ஞாபகம் உண்டு

இதற்காகவே கேம்பிரிட்ஜில் ரோஸ்கோவும் ஸ்கோஃபீல்டும் 1963-இல் 'கேம் களி' என்ற கணித மாதிரியை முன்வைத்தனர். கேம் என்பது அங்கே ஓடும் நதி. 1968-இல் ரோஸ்கோவும் பர்லேண்டும் அதைத் திருத்தினர்.

அதன் சாரம் இதுதான்: களி, தான் இதுவரை தாங்கிய அதிகபட்ச பாரத்தை 'ஞாபகம்' வைத்திருக்கும். அந்த எல்லைக்குள் அமுங்கினால் பெரும்பாலும் மீளும். தாண்டினால் அமுக்கம் பல மடங்காகும், பெரும்பகுதி மீளாது. அதே நேரம் மண் இறுகி, எல்லையும் உயரும்.

மூவாரில் நடந்த பரீட்சை

மலாக்காவுக்குப் பக்கத்து மூவாரில், மேலே சுமார் 2 மீட்டர் காய்ந்த மண். கீழே 15 மீட்டருக்கும் மேல் மென்களி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்காக மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அங்கே சோதனைக் கரைகளை அமைத்தது. ஒன்றை வேண்டுமென்றே சரியும்வரை உயர்த்தினார்கள். எந்த உயரத்தில் சரியும் என்று நிபுணர்களிடம் முன்கூட்டியே கணிப்பு கேட்டார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. கரை சரிந்தது 5.4 மீட்டரில். முடிவுகள் 1989-இல் கோலாலம்பூர் கருத்தரங்கில் அலசப்பட்டன.

இலங்கையில் பிறந்த பேராசிரியர்கள் இந்திரரத்னவும் பாலசுப்ரமணியமும் சகாக்களோடு, திருத்திய கேம் களி மாதிரியை இந்தக் கரையோடு ஒப்பிட்டு 1992-இல் கட்டுரை வெளியிட்டனர். அதனால் மூவார் களி இன்று உலகப் பொறியாளர்களுக்குத் தெரிந்த பெயர்.

எவ்வளவு காலம் இறங்கும்?

டெர்சாகி 1925-இல் தந்த கணக்குப்படி, களி இரு மடங்கு தடிப்பானால் நீர் வெளியேற நான்கு மடங்கு காலம் பிடிக்கும். அதனால்தான் இறக்கம் பல ஆண்டுகள் நீள்கிறது. இதைச் சமாளிக்க, கட்டுவதற்கு முன்பே கூடுதல் மண் கொட்டி வைப்பார்கள். நீர் சீக்கிரம் வெளியேற களிக்குள் செங்குத்து வடிகால்களும் இறக்குவார்கள். மண்ணின் 'ஞாபக எல்லையை' முன்கூட்டியே உயர்த்தும் வேலை இது.

கடலோரத்தில் வீடு வாங்கப் போறீங்களா? மேம்பாட்டாளரிடம் மூணு கேள்வி கேளுங்க: களி எவ்வளவு ஆழம்? மண் கொட்டி எத்தனை மாதம் காத்திருந்தீங்க? வாசலுக்கும் பைல் உண்டா, வீட்டுக்கு மட்டுமா? விரிசலைப் பூசுவதைவிட இந்தக் கேள்விகள் மலிவு.