புல்வெளி மகளிரும் கழிக்கரை மகளிரும்

மகளிரை இயற்கைச் சூழலில் வைத்துக் காட்டுதல் ஓவியத்திற்கும் கவிதைக்கும் பொதுவாகிய மரபு. அம்மரபில் நிலமும் மகளிரும் எவ்வாறு இயைகின்றனர் என்பதை, ஆங்கில ஓவியம் ஒன்றனையும் நம் நெய்தல் திணையையும் ஒப்புநோக்கி ஈண்டு ஆராய்வோம்.

1848-இல் இலண்டனில் தோன்றிய 'இரஃபேலுக்கு முற்பட்டோர்' என்னும் குழுவினர், இயற்கையை நேரிற் கண்டவாறே தீட்டுதல் வேண்டும் என்னும் கொள்கையினர். அவருள் ஒருவராகிய உரோசெட்டி, 1850-இல் கெண்ட் பகுதியிலுள்ள நோல் பூங்காவிற்குச் சென்று மரங்களையும் புல்வெளியையும் தீட்டினார். அன்று கருதிய ஓவியம் முற்றுப்பெறவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1872-இல், அதன்மீதே நரம்புக்கருவி இசைக்கும் மகளிர் இருவரையும் ஆடும் மகளிர் இருவரையும் வரைந்து முடித்தார். மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் உள்ள 'பவர் மெடோ' என்னும் ஓவியம் இதுவே. வண்ண இசைவில் சிறந்த ஓவியம் இஃது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்மகளிர் அப்புல்வெளியில் நின்றவரல்லர். நிலம் அவர்க்குப் பின்புலமேயன்றி வாழ்விடம் அன்று.

தொல்காப்பியர் காட்டும் நெறி வேறு. நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். பூவும் புள்ளும் பிற நிலத்தினின்று வந்து மயங்க அவர் இடந்தருகின்றார். உரிப்பொருள் மயங்க இடந்தரவில்லை. சங்கப் பாடல்களில் பரதவர் மகளிர் மீன் உணங்கலைக் கவர வரும் பறவைகளை ஓப்புகின்றனர். அவர்தம் காதலும் துயரும் அத்தொழிலிடையே, அக்கானலிலேயே பிறக்கின்றன.

இது வெறும் புலவர் வழக்கோ எனின், அன்று. பழவேற்காட்டு ஏரி சங்கப் புலவர் 'கழி' என்று சுட்டிய நீர்நிலையின் இனத்தது. அதன் ஆழமற்ற நீரில் இருளர் மகளிர் இன்றும் வலையின்றி இறால் பிடிக்கின்றனர். ஓலையால் முடைந்த பறியைப் பல்லாற் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, தொடுவுணர்வு ஒன்றாலேயே இறாலைக் கண்டு பற்றுவர். ஈண்டு நிலத்தை அறிவது கண்ணன்று, கையே ஆகும்.

முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரவு குறையும்; இறாலும் அருகும்; அக்கைகள் வெறுங்கைகளாகும். முதற்பொருள் கெடின் கருப்பொருளும் கெடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. உரோசெட்டியின் புல்வெளியை நீக்கினும் அவர்தம் மகளிர் மகளிராகவே நிற்பர். கழியை நீக்கின் நெய்தல் மகளிர் இலர். திணை என்னும் சொல்லின் ஆழம் இதுவே எனக் கொள்வோமாக.