மெசினில் இருப்பவரின் சளி

கரம்பொன்னில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் கடிவாயில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. சில மணித்தியாலத்தில் இமை சரியும், நாக்குக் குழறும், மூச்சுத் தசைகளும் சோரும். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டோடி, பிறகு பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. "ஆளை மெசினில வைச்சிருக்கினம்" என்று ஊருக்குச் செய்தி வரும். நஞ்சு நரம்பு நுனிகளைச் சிதைத்த பிறகு விஷமுறிவு மருந்தால் அவற்றை மீட்க முடியாது. அவை தாமாக ஆறும்வரை, சிலவேளை பல நாட்கள், இயந்திரம்தான் மூச்சுக் கொடுக்கவேண்டும்.

கடிபட்டவருக்கு நுரையீரலில் ஒரு நோயும் இல்லை. அப்படியிருந்தும் அங்கே நிமோனியா வரக்கூடும். காரணம், தேங்கும் சளி.

சுவாசக்குழாயின் உட்சுவரில் பிசிர்கள் உள்ளன. ஒரு கலத்தில் ஏறத்தாழ 200. ஒவ்வொன்றும் 6, 7 மைக்ரோமீற்றர் நீளம். மெல்லிய நீர்ப்படைக்குள் நின்று செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கின்றன. முன்னோக்கி அடிக்கையில் நிமிர்ந்து, மேலுள்ள சளிப்படையை நுனியால் தொண்டைப் பக்கம் தள்ளும். திரும்புகையில் வளைந்து நீருக்குள்ளேயே வரும். தூசியும் கிருமியும் ஒட்டிய சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் ஏறித் தொண்டையை அடைய, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சுருட்டுக் குடித்துப் பழகியவருக்கு இந்த வேலை முன்பே குன்றியிருக்கும்.

இயந்திரத்தின் குழாய் வாய்வழியே சுவாசக்குழாய்க்குள் இறங்கியதும், காற்றைச் சூடாக்கி ஈரமூட்டும் மூக்குக்கு வேலையில்லை. சாதாரணமாக நுரையீரலின் உள்ளே சேரும் காற்று 37 பாகை வெப்பமும் லீற்றருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் கொண்டது. இயந்திரத்துக்கு வரும் ஒட்சிசனோ உலர்ந்தது. ஈரமூட்டாமல் கொடுத்தால் நீர்ப்படை வற்றும், சளி இறுகும், பிசிரடிப்புத் தளரும். குழாயைச் சுற்றி ஊதியிருக்கும் பலூனோ ஏறிவரும் சளியை மறிக்கிறது. அதற்கு மேலே தேங்கும் எச்சில், பலூனின் மடிப்புகளூடாகக் கிருமியோடு கீழே கசிகிறது. இருமித் தள்ளவும் வழியில்லை. இருமலுக்குக் குரல்நாண்கள் இறுக மூடவேண்டும். குழாய் நடுவே நிற்கிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கு இருமும் தசைகளுமே செயலற்றவை.

ஆகவே பிசிர்களின் வேலை தாதியர் கைக்கு வருகிறது. காற்றை ஈரப்படுத்தவேண்டும், வாயைச் சுத்தம் செய்யவேண்டும், தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைக்கவேண்டும். பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீரளவுக்குள் நிற்கவேண்டும்; குறைந்தால் கசியும், கூடினால் சுவருக்கு இரத்தம் போகாமல் பிசிர்க் கலங்களே மடியும். சளியை உறிஞ்சும்போது நோயாளி திணறுவதைக் கண்டு உறவினர் கலங்குவது இயல்புதான். ஆனால் அங்கே அதைவிட அவசியமான வேலைகள் குறைவு. உறிஞ்சும் குழலும் சுவரை உரசிப் பிசிர்களைச் சிதைக்கும் என்பதால், தேவைப்படும்போது மட்டும், சில செக்கன்களுக்குள் முடிக்கிறார்கள்.

தசைகளுக்குப் பலம் திரும்பி, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்கினாலும் வைத்தியர் உடனே குழாயை எடுத்துவிடுவதில்லை. "ஒருக்கா இருமுங்கோ பாப்பம்" என்று கேட்டு, அந்த இருமலின் வலுவையும் பார்த்தே முடிவெடுப்பார்.