நிலக்கடலை வேரிலும் நம் ரத்தத்திலும் மாறாத ஒரே எழுத்து! புரதத்தின் முக்கியமான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நன்றாக வேலை செய்கிற முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு இது தூரத்துச் சொந்தம்.

எவ்வளவு தூரம்? செடியும் விலங்கும் ஒரே மூதாதையிடம் இருந்து பிரிந்து 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு புரதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான இடங்கள் மாறிப்போய்விட்டன. ஒருசில இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்றுதான் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடம்.

அந்த இடம் மட்டும் ஏன் மாறவில்லை?

20 வகை மணிகளை வைத்துக் கோத்த மாலை மாதிரிதான் புரதம். மணிகள் என்பவை அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 எழுத்துகள். அதில் 92-வது எழுத்து அந்த ஹிஸ்டிடின். ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்பு அணுவைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

மரபணுவில் பிழை எங்கு வேண்டுமானாலும் வரும். முக்கியமில்லாத இடத்தில் வந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது; அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். முக்கியமான இடத்தில் வந்தால் பெரும்பாலும் நிலைக்காது. 92-வது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்க முடியாத நிலைக்குப் போய்விடும். தோல் நீலம் பாரித்துத் தெரியும்.

எப்படி அளக்கிறார்கள்?

பல உயிரினங்களில் இருந்து ஒரே குடும்பப் புரதத்தை எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். பிறகு ஒவ்வோர் இடத்தையும் மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். எல்லா வரியிலும் ஒரே எழுத்தா? மாறி மாறி வருகிறதா?

இதை எண்ணாக்க, 1948-ல் கிளாட் ஷனன் தகவல் தொடர்புக்காக உருவாக்கிய என்ட்ரோபி கணக்கு உதவுகிறது. ஓர் இடத்தில் ஒரே எழுத்து மட்டும் இருந்தால் மதிப்பு 0. இரண்டு எழுத்துகள் பாதிக்குப் பாதி வந்தால் 1 பிட். 20 எழுத்துகளும் சமமாக வந்தால் சுமார் 4.32 பிட். மதிப்பு குறையக் குறைய அந்த இடம் பத்திரமாகக் காக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் யாரை அடுக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மனிதன், சிம்பன்சி இரண்டின் பீட்டா சங்கிலியிலும் 146 எழுத்துகளும் ஒன்றேதான். இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லா இடமும் முக்கியம் என்று கணக்கு சொல்லும்! அது காக்கப்பட்டதால் அல்ல, மாற நேரம் கிடைக்காததால். அதனால்தான் தூரத்துச் சொந்தங்களையும் சேர்க்கிறார்கள். நெருங்கிய உயிரினங்கள் கூட்டமாக இருந்தால் அவற்றின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். குணத்தில் ஒத்த அமிலங்கள் இடம் மாறினால் அதைச் சின்ன மாற்றமாக எடுத்துக்கொள்ளும் முறைகளும் உண்டு.

கணக்கு கோட்டைவிடும் இடம்

அதே பீட்டா சங்கிலியின் 6-வது இடத்துக்கு வருவோம். மனிதனுக்கு அங்கே குளுட்டாமிக் அமிலம். எலிக்கு அலனின். எலிக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இது முக்கியமில்லாத இடம் என்றுதானே தோன்றும்?

ஆனால் அங்கே வாலின் வந்தால் கதையே வேறு. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளமான இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடும். பெற்றோர் இருவரிடம் இருந்தும் இந்த மாற்றம் வந்தால் அதுதான் அரிவாள் செல் ரத்தசோகை. நீலகிரி பழங்குடி மக்களிடம் இந்த மரபணு மாற்றம் 1952-லேயே கண்டறியப்பட்டது. இங்கே புரதம் பழைய வேலையை இழக்கவில்லை. கேட்காத ஒரு புதிய 'ஒட்டும்' குணத்தைப் பெற்றுவிட்டது. பழசு எது காக்கப்பட்டது என்று மட்டும் பார்க்கும் கணக்கில் இது சிக்குவது கஷ்டம்.

மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இது எங்கே வருகிறது?

பரிசோதனை செய்தவர்களில் சிலருக்கு 'விளைவு தெளிவாகத் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வரும். நோயா இல்லையா என்று புரியாமல் குடும்பமே தவிக்கும். அந்த எழுத்து மற்ற உயிரினங்களில் மாறியிருக்கிறதா என்பதும் அங்கே பார்க்கப்படும் விஷயங்களில் ஒன்று. ஆனால் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015-ல் வெளியிட்ட விதிகளின்படி, இப்படிப்பட்ட கணினிக் கணிப்புகள் 'துணை ஆதாரம்' மட்டுமே. குடும்பத்தில் நோய் யாருக்கு வந்திருக்கிறது, ஆரோக்கியமானவர்களிடமும் அந்த மாற்றம் இருக்கிறதா, ஆய்வகச் சோதனை என்ன காட்டுகிறது என்று எல்லாம் பார்த்த பிறகே மாற்றம் ஆபத்தானதா என்று வகைப்படுத்துவார்கள்.